சுப்பர்குரொஸ் ஓட மார்ச் காரை செற்றிங்குக்குக் கொடுக்கிறவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்தில் பழைய நிசான் மார்ச் ஒன்றை வைத்துக்கொண்டு சுப்பர்குரொஸ் (மண் தடத்தில் நடக்கும் கார் ரேஸ்) ஓடும் ஆசையில் இருக்கிற தம்பிமாருக்காக எழுதுகிறேன். ரேஸ் சஸ்பென்ஷன், கோர்னர் வெயிற் (ஒவ்வொரு சில்லிலும் விழும் பாரம்) எல்லாம் பார்த்துத் தருவோம் என்று சொல்லி ஒரு கராஜ் என் மச்சானிடம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்கியது. திருப்பித் தந்த காரில் அவனுக்கு உயிராபத்து வந்திருக்கும்.

பலாலி வீதியில் நேரே வரும்போதே ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. கேட்டதற்கு, "ரேஸ் கார் அப்படித்தான் தம்பி, ஓட ஓடப் பழகிவிடும்" என்றார் பாஸ். வெறும் காணி ஒன்றில் ஓடிப் பார்த்தோம். இடப்பக்கம் வெட்டினால் கார் திரும்ப மறுத்து நேரே போகிறது. வலப்பக்கம் வெட்டி அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசிக்கொண்டு சுற்றுகிறது.

கோண்டாவிலில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். இடது முன் ஸ்பிரிங்கைக் கழற்றி என் கையில் தந்தார். காஸ் நெருப்பால் ஒரு சுற்று வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய முனையில் உருகிய இரும்பு மணிமணியாய் ஒட்டிக் கிடக்க, அதன்மேல் கறுப்புப் பெயின்ற் பூசியிருந்தது. நெருப்புப் பட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், முனையும் கப்பில் சரியாக உட்காராது. சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், அதன் துள்ளலை அடக்க அதற்கேற்ற சொக் (சொக் அப்சோபர்) வேண்டும். புதுக் காஸ் சொக் என்று பில்லில் எழுதியிருந்தார்கள். காஸ் சொக்கின் தண்டை அமுக்கிவிட்டால் தானே மெல்ல வெளியே வரவேண்டும். இது உள்ளே போனது போனதுதான். சிவப்புப் பெயின்றைச் சுரண்ட, அடியில் பழைய கீறல்கள்.

சரி, பொருளில் ஏமாற்றினார்கள் என்று வைத்தாலும், அவர்கள் செய்த செற்றிங்கை நினைக்கத்தான் எனக்கு ஆறவில்லை. அமெரிக்க நீள்வட்டத் தடத்துக்குச் செய்வதை மார்ச்சுக்குச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கால் மைல், அரை மைல் நீள்வட்டத் தடங்களில் கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்பி ஓடும். அதற்காக வலது முன் சில்லிலும் இடது பின் சில்லிலும் பாரத்தைக் கூட்டிக் குறைத்து சரிசெய்வார்கள். வலது பின் ரயரைச் சுற்றளவில் பெரிதாகப் போடுவார்கள். பின் சில்லு இரண்டும் ஒரே அச்சில் பூட்டியபடி சுழலுகிற காருக்குத்தான் அந்தப் பெரிய ரயரால் பலன். மார்ச்சுக்கு இழுவை முன் சில்லில். பின் சில்லுகள் தனித்தனியே சுழல்கின்றன. அதற்கும் பின்னால் பெரிய ரயர் ஒன்றை மாட்டி, அதற்குத் தனியாகக் காசு எடுத்திருக்கிறார்கள்! அநுராதபுரம் சாலியபுரத்திலும் தியத்தலாவை பொக்ஸ்ஹில்லிலும் வளைவு இரண்டு பக்கமும் வரும். இந்தக் காரோடு அங்கே போயிருந்தால் முதல் வலது வளைவிலேயே கவிழ்ந்திருப்பான்.

கோர்னர் வெயிற் என்று ஒரு தாளும் தந்தார்கள். நாலு சில்லின் கணக்கையும் கூட்டிப் பார்த்தேன், 1,100 கிலோவைத் தாண்டுகிறது. சீற்றெல்லாம் கழற்றிய மார்ச் 800 கிலோவுக்குக் கிட்டத்தான் நிற்கும். வேறெந்தக் காரினதோ கணக்கை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். கராஜில் தராசே கிடையாது.

ஆகவே காசு கொடுக்க முதல் நாலு தராசையும் கண்ணால் பாருங்கள். ஓட்டுபவர் சீற்றில் இருக்க, ரயர்க் காற்றைச் சரிபார்த்து, மட்டமான தரையில் நிறுக்கவேண்டும். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள், புதியதைப் பூட்ட முதல் படம் எடுங்கள். உயரத்தை மாற்றினால் அதன்பிறகு வீல் எலைன்மென்ற் (சில்லுகள் நிற்கும் கோணம்) கட்டாயம் பார்க்கவேண்டும். எங்கள் காருக்கு அதுவும் செய்யவில்லை.

காசைத் திருப்பித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நேற்று அந்தப் பக்கம் போனபோது அதே கராஜில் இன்னொரு மார்ச் யாக்கில் நின்றது. வெள்ளை நிறம், பின் சீற் கழற்றியிருந்தது. அது உங்களுடையது என்றால், ஓட முதல் முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிப் பாருங்கள்.