காமன்ஸ் லாங், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு: எங்கே காப்பாற்றுகிறது, எங்கே மறைக்கிறது

ராயபுரத்திலிருந்து மணலி வரை இருக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கு ஜாவாவில் மென்பொருள் எழுதினால், முதல் நாளே ப்ராஜெக்டில் ஏறிவிடும் லைப்ரரி அப்பாச்சி காமன்ஸ் லாங். காரணம், உள்ளே வரும் டேட்டா. ஷிப்பிங் லைனிலிருந்து ஒரு ஃபைல், சுங்க முகவர் (சி.எச்.ஏ.) அனுப்பும் எக்செல், டிரெய்லர் வரிசையில் நிற்கும்போது கேட்டில் அவசரமாகத் தட்டுகிற என்ட்ரி என்று மூன்று வழியாக வரும். எடை என்ற ஒரே நெடுவரிசையில் "24500" இருக்கும், "24,500" இருக்கும், வெறும் கோடு இருக்கும், ஒன்றுமே இல்லாமலும் இருக்கும்.

ஸ்ட்ரிங்குகளை, அதாவது எழுத்துத் தொடர்களைக் கையாள இந்த லைப்ரரியில் இருக்கும் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் கிளாஸ் இங்கேதான் சோறு போடுகிறது. இஸ்எம்ப்டி, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல்லையும் (null) நீளமே இல்லாத ஸ்ட்ரிங்கையும் மட்டும் பிடிக்கும். இஸ்பிளாங்க் வெறும் ஸ்பேஸ்களையும் சேர்த்துப் பிடிக்கும். ஜாவா 11-இல் ஸ்ட்ரிங்குக்கே இஸ்பிளாங்க் வந்துவிட்டது. ஆனால் நல் மேல் அதைக் கூப்பிட்டால் எக்செப்ஷன்தான் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை), ஆகவே அந்த வெர்ஷனுக்கு மாறியதும் இந்த லைப்ரரியைத் தூக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எக்செல் டேட்டாவில் கவனிக்க வேண்டியது நான்-பிரேக்கிங் ஸ்பேஸ், யூனிகோடில் 160-ஆம் எண். பார்க்க ஸ்பேஸ் மாதிரியே இருக்கும். ஆனால் இஸ்பிளாங்க் உள்ளே அழைக்கும் ஜாவாவின் இஸ்வைட்ஸ்பேஸ் அதை ஸ்பேஸாக எண்ணாது. ட்ரிம் 32 வரையுள்ள எழுத்துகளை மட்டுமே வெட்டும். செல் காலியாகத் தெரியும், செக் "காலி இல்லை" என்று சொல்லும். ரீப்ளேஸ்கேர்ஸ் வைத்து 160-ஐ முதலில் சாதாரண ஸ்பேஸாக மாற்றி, பிறகு ட்ரிம்டுநல் போட வேண்டும். இரண்டுமே நல் வந்தால் நல்லையே திருப்பித் தருவதால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைரியமாக அடுக்கலாம்.

நம்பர்யூட்டில்ஸைப் பற்றி எங்களுக்குக் கடுமையான கருத்து உண்டு. டுடபுள், டுஇன்ட் இரண்டும் நல் கொடுத்தாலும் 0 தரும், கமா இருக்கும் "24,500" கொடுத்தாலும் 0 தரும். டுஇன்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸோடு " 20" போனாலும் 0. எக்செப்ஷன் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. இருபத்து நாலரை டன் கன்டெய்னர் எடையே இல்லாமல் யார்டுக்குள் நிற்கும், பில்லிலும் அப்படியே ஏறும். "எடை தெரியாது" என்பதும் "எடை பூஜ்யம்" என்பதும் ஒன்றல்ல. இந்த மெத்தட்கள் அந்த வித்தியாசத்தை அழித்துவிடுகின்றன.

பணம், எடை இரண்டுக்கும் கிரியேட்பிக்டெசிமல் சரியான தேர்வு. நல் போனால் நல்லாகவே வரும், கமாவோ வெறும் கோடோ இருந்தால் நம்பர்ஃபார்மேட் எக்செப்ஷன் வரும். காலி ஸ்ட்ரிங்குக்கும் எக்செப்ஷன் என்பதால் முன்னால் ட்ரிம்டுநல் கட்டாயம். கிரியேட்இன்டிஜர் பக்கம் போக வேண்டாம்: முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை எட்டை அடியாகக் கொண்ட (ஆக்டல்) எண்ணாக எடுத்துக்கொள்ளும். டோக்கன் "012" என்றால் 10 ஆகிவிடும், "08" என்றால் எக்செப்ஷன்.

பூலியன்யூட்டில்ஸில் எந்த மெத்தடை எடுக்கிறோம் என்பதே ஒரு பாதுகாப்பு முடிவு. "அபாயகரமான சரக்கா?" என்ற ஃபீல்டு நல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஸ்ட்ரூ அதற்கு ஃபால்ஸ் தரும், யாரும் நிரப்பாத பெட்டி சாதாரணச் சரக்கு வரிசைக்குப் போய்விடும். இஸ்நாட்ஃபால்ஸ் ட்ரூ தரும். "இல்லை" என்று யாராவது தெளிவாகச் சொல்லும்வரை பெட்டி தனியே நிற்கும். 2020 பெய்ரூட் வெடிப்புக்குப் பிறகு மணலி யார்டில் இருந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பிய ஊர் இது. இந்த ஃபீல்டுக்கு இஸ்ட்ரூ எழுதிய நிரலை ரிவ்யூவில் விடவே கூடாது.

தமிழ் டேட்டா இருந்தால் இன்னும் சில உண்டு. இஸ்ஆல்ஃபா ஒவ்வொரு கேரக்டரும் லெட்டரா என்று பார்க்கும். புள்ளியும் கால், கொம்பு போன்ற குறிகளும் யூனிகோடில் லெட்டர் அல்ல, மார்க் வகை. அதனால் "ரமண" தேறும், "முருகன்" தேறாது. டிரைவர் பெயரைச் சோதிக்க, லெட்டரோடு மார்க்கையும் அனுமதிக்கும் ரெகெக்ஸ் (எழுத்து அமைப்பைச் சோதிக்கும் பேட்டர்ன்) எழுதிக்கொள்ளுங்கள். லேபிளில் இடம் போதவில்லை என்று "காசிமேடு"க்கு லெஃப்ட் 5 போட்டால் "காசிம" என்று வரும், ஏகாரக் கொம்பு போய்விடும். எழுத்து உடையாமல் வெட்ட ஜாவாவின் பிரேக்இட்டரேட்டர் இருக்கிறது. இஸ்நியூமெரிக் ௧, ௨ போன்ற தமிழ் எண்களையும் ஏற்கும். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம் என 11 இடம் கொண்ட கன்டெய்னர் நம்பருக்கு அதை நம்பாமல் 0 முதல் 9 வரை என்று ரெகெக்ஸிலேயே கட்டிவிடுவது நல்லது.

முகவரி அச்சிடும்போது ஜாவாவின் ஸ்ட்ரிங் ஜாயின், நல் இருக்கும் இடத்தில் "null" என்ற வார்த்தையையே கேட் பாஸில் அடித்துவிடும். ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் ஜாயின் அந்த இடத்தைக் காலியாக விடும், ஆனால் "ராயபுரம்,,சென்னை" என்று இரட்டைக் கமா நிற்கும். ஜாயினுக்கு முன் காலியானவற்றை வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

டேட்டாபேஸ் ஆரக்கிள் என்றால் காலி ஸ்ட்ரிங்கைச் சேமித்தாலும் திரும்ப எடுக்கும்போது நல்லாகத்தான் வரும். "எங்கள் நிரலில் நல் வராது" என்ற வாதம் அங்கே நிற்காது.

எங்கள் அனுபவத்தில் நின்ற ஏற்பாடு இது: மேலே சொன்ன, நல்லைப் பொறுத்துக்கொள்ளும் மெத்தட்கள் எல்லாம் டேட்டா நுழையும் கிளாஸ்களோடு நிற்கட்டும். வாடகை நாள் கணக்கு, பில் போன்ற உள்பகுதியில், தவறான மதிப்பு வந்தால் உடனே எக்செப்ஷன் எறியும் காமன்ஸ் லாங்கின் வேலிடேட், இல்லையென்றால் ஜாவாவின் அப்ஜெக்ட்ஸ் ரிக்வயர்நான்நல். வேலிடேட்டில் நாட்பிளாங்குக்கு நல் போனால் நல்பாயின்டர் எக்செப்ஷன், வெறும் ஸ்பேஸ் போனால் இல்லீகல்ஆர்க்யுமென்ட். எக்செப்ஷன் ஹேண்ட்லர் இரண்டாவதை மட்டும் பிடித்தால் முதலாவது 500 எரராகக் (சர்வர் பிழையாகக்) கேட் ஆபரேட்டர் திரையில் போய் நிற்கும். கூகுளின் குவாவா லைப்ரரி சுபாவத்திலேயே கறார்: அதன் ஜாயினர் நல் கண்டால் எக்செப்ஷன் எறியும், இம்யூட்டபிள்லிஸ்ட் நல்லை ஏற்காது. உள்பகுதிக்கு அது பொருத்தம். ஜாவா 15 முதல் எந்த மெத்தட் அழைப்பு நல்லில் விழுந்தது என்று எக்செப்ஷன் செய்தியே சொல்லிவிடுவதால், சீக்கிரம் விழுவதில் பயமும் குறைவு.

வெர்ஷன் விஷயம். காமன்ஸ் லாங்கின் 2.6-உம் 3-உம் வேறு பேக்கேஜ் பெயர் என்பதால் பழைய ப்ராஜெக்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஐ.டி.இ. (நிரல் எழுதும் மென்பொருள்) தவறான இம்போர்ட்டைப் போட்டுவிடும். காலி ஸ்ட்ரிங்குக்கு 2.6-இன் இஸ்நியூமெரிக் ட்ரூ, 3-இல் ஃபால்ஸ். கம்பைலர் இதைக் காட்டிக்கொடுக்காது. டிபெண்டென்சி ட்ரீயைப் பார்த்து 2.6-ஐ விலக்கிவிடுங்கள். 3-இலும் 3.18.0-க்குக் கீழே நிற்க வேண்டாம்: மிக நீளமான இன்புட் கொடுத்தால் கிளாஸ்யூட்டில்ஸ் ஸ்டாக்ஓவர்ஃப்ளோவில் விழும் பாதுகாப்புக் குறை 2025-இல் வந்த அந்த வெர்ஷனில்தான் சரியானது. ஏற்றியதும் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் ஈக்வல்ஸுக்கு டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்ற எச்சரிக்கை வரும். புதிய ஸ்ட்ரிங்ஸ் கிளாஸ் வழியாகக் கூப்பிடச் சொல்கிறார்கள். பழைய மெத்தடும் ஓடும், அடுத்த ரிலீஸில் பொறுமையாக மாற்றிக்கொள்ளலாம்.