ஏர் பெட், மார்ஃபின், டியூப்: படுத்த படுக்கையான நோயாளியை வீட்டில் பார்ப்பவர்களுக்கு எது உண்மையில் கைகொடுக்கிறது

"இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே சர்ஜிகல்ஸ் கடையில் பெரிய பில் போட்டுவிடுவார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தக்கூடிய ஃபவுலர் கட்டில், ஏர் பெட், சக்கர நாற்காலி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர், அட்டைப்பெட்டி நிறைய டயபர். மாதக்கணக்கில் புழங்கும்போது இவற்றை ஒரே கேள்வியால் எடை போடலாம்: ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை இது வீட்டில் யாரையாவது தூங்க விடுகிறதா? பார்த்துக்கொள்பவர் படுத்துவிட்டால் எந்தச் சாமானும் உதவாது.

முதலில் ஏர் பெட், அதாவது படுக்கைப் புண் வராமலிருக்க பம்ப் மாற்றி மாற்றிக் காற்றடைக்கும் மெத்தை. மலிவானது குமிழ் வகை. குழாய் குழாயாக வருவது விலை கூடுதல், ஆனால் ஓட்டை விழுந்த குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஓரிரு வாரத்துக்குக் குமிழ் வகை போதும். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் குழாய் வகைதான் சரி. பெட்டை வெறும் பலகை மேல் போடக்கூடாது. கீழே ஒரு ஃபோம் மெத்தை வேண்டும். பம்பிலிருந்து வரும் காற்றுக் குழாய்கள் கால் பக்கம் வரவேண்டும். பம்ப் இரும்புக் கட்டிலில் தொங்கினால் ராத்திரி முழுக்க ரீங்காரம் கேட்கும். நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்தால் நின்றுவிடும். பம்ப் பத்து வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும் என்பதால் இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் மெல்ல மெல்லக் காற்று இறங்கி, நோயாளி காற்றில்லாத பெட் மேல் கிடப்பார். விடியும்வரை யாருக்கும் தெரியாது.

காற்று போதுமா என்று பார்க்கக் கையே போதும். இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் ஃபோம் மெத்தைக்கும் இடையில் உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்றுப் போதாது. பம்பின் திருகை நோயாளியின் எடைக்கு ஏற்பக் கூட்டுங்கள். முழுக்கக் கூட்டிக் கல்லாக்கிவிட்டாலும் பயனில்லை.

பெரிய தப்பு விரிப்பில்தான் நடக்கிறது. ஏர் பெட் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் போர்வை, அதன் மேல் பெட்ஷீட், போதாததற்கு டயபர். இத்தனை அடுக்குக்கு மேலே படுத்தால் காற்று மாறுவதே உடம்புக்குத் தெரியாது, வேர்வை மட்டும் தேங்கும். தளர்வாக ஒரு பருத்தி விரிப்பும் இடுப்புக்குக் கீழே ஈரம் உறிஞ்சும் ஒரு அண்டர்பேடும் போதும். டயபரை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கட்டுங்கள். பழைய வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை குறுக்கே போட்டால், இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரம் பிடித்து நோயாளியைத் தூக்கி நகர்த்தலாம். இழுக்கக்கூடாது, இழுத்தால் தோல் உரியும்.

ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பிப் படுக்க வைப்பதை விட்டுவிடுகிறார்கள். புண் வருவது அங்கேதான். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். குதிகால் எதிலும் படாமல் தொங்கும்படி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. காலையில் இடுப்பெலும்பு, குதிகால், காது மடல் மூன்றையும் பாருங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்து, சூடாக, கெட்டியாக இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. தோல் நன்றாக இருந்தால், ஏர் பெட்டில் படுத்தவரை ராத்திரி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். பெட் கொடுத்த காசுக்கு உண்மையான பலன் அந்த நான்கு மணி நேரத் தூக்கம்தான். காற்றடைத்த வளையம், ஸ்பிரிட், வேர்வையில் கட்டி கட்டியாகும் பவுடர் மூன்றும் வேண்டாம். புண்ணைக் கழுவ, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போதும்.

அடுத்தது மார்ஃபின், கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்து. விலை குறைந்த மாத்திரைதான், ஆனால் தெரு முனை மெடிக்கலில் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக் கொடுக்கின்றன. பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முந்தைய வாரமே அடுத்த தவணையை வாங்கி வைத்துவிடுங்கள். சாதாரண மாத்திரையின் வேகம் நான்கு மணி நேரம்தான். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதுவார்கள். இரவு 10 மணிக்கு இரட்டை அளவு கொடுத்தால் நடுராத்திரி 2 மணிக்கு யாரும் எழ வேண்டாம். சீட்டில் அப்படி இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருந்தால் மாத்திரை வலியைத் துரத்திக்கொண்டே ஓடும், பிடிக்காது.

வாந்தியும் மயக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, எனவே மலமிளக்கியை முதல் நாளே சேர்த்துக் கொடுப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். மூன்று நாள் போகவில்லையென்றால் போன் செய்யுங்கள். சிறுநீர் குறைந்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்து, பேச்சு குழம்பினால் அதே நாளில் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் மருந்தை வெளியேற்றவில்லை, அளவு மாற வேண்டும். "போதை பழகிவிடும்" என்று பெரியப்பாவோ சித்தியோ வந்து பயமுறுத்துவார்கள். வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் டியூப் உள்ளவர்களுக்கு 200 மில்லிக்கு மேல் ஒரே வேளையில் தள்ள வேண்டாம். ஊட்டும்போதும் அதன் பிறகு முக்கால் மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு முறை வடிகட்டுங்கள், முடித்ததும் 30 மில்லி வெந்நீர் விடுங்கள். பாதி அடைப்புகள் இதிலேயே தீரும். மெல்ல மெல்லக் கரையும் நீள்வகை மார்ஃபின் மாத்திரையைப் பொடித்து டியூபில் விடவே கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சிறுநீர் டியூப் போட்டிருந்தால், அதன் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுங்கள்.

கான்சன்ட்ரேட்டரை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் மூச்சுத் திணறுகிறவருக்கு, முகத்துக்கு நேரே மெல்ல ஓடும் டேபிள் ஃபேன் கூடுதல் ஆறுதல். ஃபவுலர் கட்டில் கிடைக்காவிட்டால், வீட்டுக் கட்டிலின் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டை வைத்து உங்கள் இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். குனிந்து குனிந்தே பலருக்கு முதுகு போகிறது.

காசே இல்லாமல் வரும் உதவியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வரும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிற நர்ஸிடம் காட்ட ஒரு ஸ்கூல் நோட்டு போடுங்கள்: மணி, மருந்து, கஞ்சி, சிறுநீர், மலம், எந்தப் பக்கம் படுத்தார். ஹோம் நர்ஸ் ஷிஃப்ட் மாறும்போதும் அதுதான் பேசும். பார்க்க வரும் உறவினர்களிடம் ஆப்பிள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் உட்காருங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்பவருக்குத்தான் அது கொடுமை. நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், டாக்டர் ஊசி சொல்லலாம். அந்த நேரத்தில் வாயில் பால் ஊற்றினால் நெஞ்சுக்குள் போய்விடும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றினாலே சாங்கியம் நிறைவேறும். 108ஐக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே வீட்டார் பேசி முடிவெடுங்கள், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இறப்புக்கான மருத்துவச் சான்றை எந்த டாக்டர் தருவார் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மிஞ்சிய மார்ஃபினை எண்ணி, வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.