200 மணிக்குப் பிறகு எந்த இருக்கை?

வணிக விமானி உரிமம் கைக்கு வரும் நாளில், ஒருவரின் லாக்புக்கில் பெரும்பாலும் 200 மணியைச் சற்றே தாண்டிய பறப்பு நேரம்தான் இருக்கும். அதற்கு மேல் எங்கே, எந்த இருக்கையில் அமர்ந்து மணிகளைச் சேர்ப்பது என்ற கேள்வியோடு சேலம், ஓமலூர், மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகளும் அவர்களைவிடக் கவலையோடு பெற்றோரும் என்னிடம் வருகிறார்கள். காமலாபுரம் விமான நிலையத்தில் நான் பயிற்றுநராக இருக்கிறேன். அதற்கு முன் விமானங்களை வாடகைக்கு இயக்கும் ஒரு சார்ட்டர் நிறுவனத்தில் துணை விமானியாக இருந்தேன். ஆகவே இந்த அலசலில் ஒரு பக்கச் சாய்வு தெரிந்தால் அதை மறுக்க மாட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். 1,500 மணி என்ற எண்ணைப் பிள்ளைகள் யூடியூபில் அமெரிக்க விமானிகள் பேசக் கேட்டுவிட்டு வருகிறார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தின்படி, 2013 முதல் அங்கே பயணிகள் விமான நிறுவனத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி தேவைப்படுகிறது. (அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்குமே 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது என்பது தனிக்கதை.) இந்தியாவிலோ 200 மணி உரிமத்தோடு டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) முடித்த ஒருவர், நிறுவனம் தேர்ந்தெடுத்தால், ஏர்பஸ் 320-இன் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக அமரலாம். 1,500 மணி இங்கே கேப்டன் ஆவதற்கான வாசல். அங்கே மணி சேர்ப்பது சட்டம் விதித்த கட்டாயம். இங்கே அது வரிசையில் நிற்கும் காலத்தை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி. அந்த வரிசை சில சமயம் ஆறு மாதம், சில சமயம் மூன்று ஆண்டு.

இதனால்தான் அமெரிக்கப் பட்டியல்களை அப்படியே இறக்குமதி செய்ய முடிவதில்லை. கடற்கரை மேலே விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறப்பது, பாராசூட் வீரர்களை 10,000 அடிக்கு மேல் ஏற்றிவிட்டு இறங்குவது, எண்ணெய்க் குழாய்களின் தடத்தைத் தாழப் பறந்து கண்காணிப்பது ஆகியவை அங்கே 250 மணிக்காரர்களுக்குக் கிடைக்கும் வேலைகள். இங்கே அவை விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை. படிக்கச் சென்ற நம் பிள்ளைக்கு அங்கேயும் அவை எளிதில் வாய்ப்பதில்லை, ஏனெனில் எஃப்-1 மாணவர் விசாவில் படிப்புக்குப் பின் பொதுவாக 12 மாதமும், எம்-1 தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் அதிகபட்சம் 6 மாதமும்தான் வேலை செய்யலாம், அதுவும் படிப்போடு தொடர்புடைய வேலையாக இருக்க வேண்டும். அந்த அவகாசத்தில் அவர்களில் பெரும்பாலோர் பயிற்றுநர்களாகவே இருக்கிறார்கள்.

மணியை எண்ணுவதற்கு முன் அது லாக்புக்கின் எந்தப் பத்தியில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கட்டளை விமானியாக (விமானத்துக்குப் பொறுப்பானவராக), துணை விமானியாக, இரவில், வெளியே பாராமல் கருவிகளைக் கொண்டு, ஒற்றை எஞ்சினில், இரட்டை எஞ்சினில் என்று பத்திகள் பிரிந்து கிடக்கின்றன. மொத்தத்தில் 1,500 சேர்ந்தாலும், அதற்குள் இரவுப் பறப்பு போதிய மணி இல்லாததால், கேப்டன் ஆகத் தேவையான போக்குவரத்து விமானி உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்றுநர் வேலையின் பெரிய வரவு, ஓட்டுவது மாணவராக இருந்தாலும் மணி நம் கணக்கில் கட்டளை விமானி நேரமாக ஏறுவதுதான். முதலில் துணைப் பயிற்றுநர் தகுதி பெற வேண்டும். அந்தக் காலத்தில் மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் வேலை. மாணவரை முதல் தனிப்பறப்புக்கு அனுப்பும் முடிவும் அவருடையது. சம்பளம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாதம் 60 மணி கிடைக்கும் பள்ளியில் மீதமுள்ள 1,300 மணியைச் சேர்க்க ஏறத்தாழ 22 மாதம் போதும்.

மணி ஒரே மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறதே, அதில் என்ன அனுபவம் என்று கேட்பார்கள். காலை ஆறரை மணிக்கு, சேர்வராயன் மலையின் மேல் வெயில் ஏறும் நேரத்தில், மாணவர் ஓடுபாதையை நெருங்குகிறார். தரைக்கு இருபதடி இருக்கும்போது மூக்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்குகிறார். விமானம் இறங்காமல் மிதக்கிறது, வேகம் குறைகிறது. என் இடக்கை, எஞ்சின் விசையைக் கூட்டும் திராட்டிலுக்கு ஓர் அங்குலம் பின்னால் காத்திருக்கிறது. முன்கூட்டியே கையை வைத்தால் அவர் கற்றுக்கொள்ள மாட்டார், பிந்தினால் விமானம் தடாலென்று விழும். ஒரு நாளில் இருபது முறை இந்தக் கணக்கைப் போடுகிறேன். மே மாதப் பிற்பகல் வேறு பாடம் நடத்தும்: சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கும் நம் ஓடுபாதை, வெயில் 38 டிகிரியைத் தொடும்போது விமானத்துக்கு 4,000 அடி உயரத்தில் இருப்பதாகவே படும், அதாவது ஏற்காட்டு மலையில் முக்கால்வாசி ஏறிவிட்ட உயரம். இருவர் அமர்ந்து எரிபொருளும் நிரப்பிய சிறிய செஸ்னா அப்போது மூச்சுவாங்கிக்கொண்டுதான் மேலேறும். இந்த நேரத்தில் பறக்க வேண்டாம் என்று சொல்லிப் பழகுவதும் லாக்புக்கில் ஏறாத அனுபவம்தான்.

குறையும் உண்டு. ஒற்றை எஞ்சின், பகல், தெளிந்த வானம் என்றே நாள்கள் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல காலைகள் வீணாகும். கருவிப் பறப்பையும் இரவுப் பறப்பையும் கேட்டு வாங்காவிட்டால் அந்தப் பத்திகள் காலியாகவே கிடக்கும்.

சார்ட்டர் வேலையில் எல்லாம் தலைகீழ். கிங் ஏர் போன்ற இரட்டை எஞ்சின் டர்பைன் விமானம், பெரிய விமான நிலையங்களின் நெரிசலான வானொலிப் பேச்சு, மேகத்துக்குள் பறப்பது, நள்ளிரவில் புறப்படுவது என்று விமான நிறுவனத்தின் வேலைக்கு மிக நெருக்கமான பழக்கம் அங்கேதான் கிடைக்கிறது. தரத்தில் இந்த மணி பயிற்சிப் பள்ளி மணியைவிட உயர்ந்தது என்றே சொல்வேன். ஆனால் அளவு கைகொடுக்காது. நான் சேர்ந்த இடத்தில் மாதம் 40 மணி என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். முதல் நான்கு மாதத்தில் மொத்தம் 31 மணிதான் பறந்தேன், மீதி நாள்களில் விமானத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினேன், கோப்புகளைச் சரிபார்த்தேன். என் அப்பா தொலைபேசியில், “ஏங்கண்ணு, ஓட்டற வேலைனுதானே போனே?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மாதம் 25 மணி என்று வைத்துக்கொண்டாலும் 1,300 மணிக்கு 52 மாதம் ஆகும். அந்த விமானத்துக்கோ அந்தச் சேவைக்கோ இரண்டு விமானிகள் கட்டாயம்தானா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானத்தில் துணை விமானியாக அமர்ந்த நேரம் பின்னாளில் கேள்விக்குள்ளாகலாம்.

மூன்றாவது வழி ஆப்பிரிக்கா. போட்ஸ்வானாவின் மவுன் நகரிலிருந்து ஒக்கவாங்கோ கழிமுகத்தில் உள்ள வனவிடுதிகளுக்குச் சுற்றுலாப் பயணிகளைச் செஸ்னா 206 போன்ற சிறு விமானங்களில் ஏற்றிச் செல்லும் வேலைக்கு, குறைந்த மணிக்காரர்கள் உலகெங்கிலுமிருந்து போய்க் கதவைத் தட்டுகிறார்கள். மண் ஓடுபாதை, அதில் குறுக்கே நிற்கும் விலங்குகள், அரைமணிக்கும் குறைவான பயணங்கள், தனி ஆளாக எடுக்கும் முடிவுகள் எல்லாம் சேர்ந்து கட்டளை விமானி பத்தியைச் சுத்தமான மணிகளால் நிரப்பும். இருபத்திரண்டு வயதில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் வேலை அனுமதி கிடைக்கும்வரை கைக்காசில் காத்திருக்க வேண்டும், உள்ளூர் உரிமத் தேர்வு எழுத வேண்டும், இங்கே திரும்பும்போது அந்த மணிகளுக்கு அந்நாட்டு ஆணையத்தின் உறுதிப்பாட்டையும் பெற வேண்டியிருக்கும். வீட்டை அடமானம் வைத்துப் படிக்கவைத்த குடும்பத்துக்கு இதை நான் சொல்வதில்லை.

நான்காவது, சொந்தக் காசில் டைப் ரேட்டிங் முடித்துவிட்டு வீட்டில் காத்திருப்பது. பல லட்சம் செலவழித்துப் பெற்ற அந்தத் தகுதி, பறக்காமல் இருந்தால் மங்கிவிடுகிறது. கருவிப் பறப்புத் தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், சிமுலேட்டருக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும், நிறுவனம் வேறு ரக விமானத்துக்கு ஆள் எடுத்தால் செலவழித்தது வீண். வேலைக்கடிதம் கைக்கு வராமல் இதில் இறங்குவதை நான் ஆதரிப்பதில்லை.

கடன் இருக்கிறது, வயது இருபத்தைந்துக்குள் என்றால் முதலில் பயிற்றுநர் வேலை, 700 அல்லது 800 மணி சேர்ந்ததும் சார்ட்டருக்கு மாறுவது என்ற வரிசையைத்தான் நான் சொல்கிறேன். கட்டளை விமானி நேரம் கையில் இருக்கும்போது சார்ட்டர்க்காரர்களும் தண்ணீர் பாட்டில் அடுக்கச் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்கள். நேரடியாக விமான நிறுவனத்திலிருந்தே அழைப்பு வந்தால் இந்த அலசலை மூடிவைத்துவிட்டுப் போய்ச் சேர வேண்டும், ஏனெனில் அங்கே மாதம் 70 மணி என்றாலும் பத்தொன்பது மாதத்தில் இதே தொலைவு கடந்துவிடும்.

எந்தப் பள்ளியில் பயிற்றுநராகச் சேர்வது என்பதற்கு என்னிடம் ஒரே சோதனைதான் உண்டு. பாண்டில் கையெழுத்திடும் முன் ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு அந்த விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, எத்தனை விமானங்கள் மேலே ஏறுகின்றன என்று எண்ண வேண்டும். பள்ளியில் பத்து விமானங்கள் இருப்பதாக விளம்பரம் சொல்லி, ஏழு நாளும் மேலே போனவை மூன்றுதான் என்றால், உங்களுக்குக் கிடைக்கப்போகும் மணியும் அந்த மூன்றுக்குள்தான் பங்கு போடப்படும்.