என்இஎஸ் ஃப்ரண்ட் லோடர்: கடினமான கேம்களுக்கு இன்றும் வாங்கலாமா?

நிஞ்சா கைடன், பேட்டில்டோட்ஸ், கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் மாதிரியான கேம்களை அசல் மெஷினிலேயே முடிக்க நினைப்பவர்களுக்கு நின்டெண்டோவின் பழைய கேம் கன்சோலான என்இஎஸ்-001 இன்றும் நல்ல தேர்வு. 1985-இல் அமெரிக்காவில் வந்த, கேட்ரிட்ஜை முன்கதவு வழியாகச் செருகிக் கீழே அழுத்தும் மாடல் இது. ஆனால் செகண்ட் ஹேண்டில் கைக்கு வந்ததை அப்படியே ஆன் செய்து ஆடிவிடலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். இதில் சிப்புகள் லேசில் போவதில்லை. கேட்ரிட்ஜைப் பிடித்துக்கொள்ளும் பாகம்தான் முதலில் தளரும்.

கடினமான கேமுக்கு மெஷினிடமிருந்து வேண்டியவை இரண்டு: மணிக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும், அழுத்திய பட்டன் அந்தக் கணமே திரையில் தெரிய வேண்டும். நிஞ்சா கைடனில் சேவும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. கடைசி பாஸிடம் தோற்றால் 6-1-க்கே, அதாவது ஆறாம் பகுதியின் தொடக்கத்துக்கே, திருப்பி அனுப்பிவிடும். கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸை முழுதாக இரண்டு முறை முடித்தால்தான் உண்மையான முடிவு. அந்த நேரத்தில் கேட்ரிட்ஜ் லேசாக அசைந்து படம் உறைந்தால் அவ்வளவுதான், மொத்த உழைப்பும் வீண்.

சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதுதான் இந்த மெஷினின் பிரபலமான கோளாறு. கேட்ரிட்ஜ் அனுமதி பெற்றதுதானா என்று சரிபார்க்க கன்சோலில் ஒரு லாக்அவுட் சிப், கேட்ரிட்ஜில் ஒரு சிப். இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு தொடங்காவிட்டால் கன்சோல் நொடிக்கு ஒருமுறை ரீசெட் ஆகும். கேம் சரியாகவே இருந்தாலும், அந்தப் பேச்சுக்கான பின்னில் அழுக்கு இருந்தால் போதும். வாயால் ஊதுவதால் பயன் இல்லை. எடுத்து மறுபடி செருகுவதால்தான் வேலை செய்கிறது. ஊதும்போது போகும் ஈரம் தொடுமுனையை அரிக்கத்தான் செய்யும்.

சரிசெய்ய அடிப்பக்கத்தில் உள்ள ஆறு ஸ்க்ரூவைக் கழற்றி, மூடி, தகர ஷீல்டு, ட்ரே என்று வரிசையாக எடுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள், எல்லாம் ஒரே நீளம் இல்லை. கேட்ரிட்ஜைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பாகம், போர்டின் ஓரத்தில் மாட்டியிருக்கும் 72 பின் கனெக்டர்தான். அதை நேராகப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஒரு கேட்ரிட்ஜைப் பலமுறை செருகி எடுங்கள். கறுப்பாக அழுக்கு வந்துகொண்டிருக்கும் வரை இதைத் திரும்பச் செய்யலாம். ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். கனெக்டர் உட்காரும் போர்டின் விளிம்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். பலரும் இதை மறந்துவிட்டு, பழுது தீரவில்லை என்று கனெக்டரைக் குறை சொல்கிறார்கள்.

மலிவான மாற்றுக் கனெக்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாள் எல்லாக் கேமும் ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிடி அவ்வளவு இறுக்கம், கேட்ரிட்ஜை உருவவே பலம் வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடுமுனையின் பூச்சு உரசிப் போகிறது. ஊசியால் பின்களை நெம்பி நிமிர்த்துவதும் அதே விளைவைத்தான் தரும். அசல் கனெக்டர் உடையாமல் இருந்தால் கொதிக்க வைத்து அதையே வைத்துக்கொள்வதுதான் சரி.

சால்டர் பிடிக்கத் தெரிந்தால் இன்னொரு வேலையும் செய்துவிடலாம். லாக்அவுட் சிப்பின் 4-ஆம் பின்னை வெட்டித் தூக்கி கிரவுண்டில் இணைத்தால் ரீசெட் தொல்லை நின்றுவிடும். அழுக்கு அப்படியேதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்: விளக்கு எரிந்தபடி இருக்கும், படம் மட்டும் குழம்பி வரும். எனவே சுத்தம் செய்த பிறகே வெட்டுங்கள்.

வாங்கும் முன் சோதிக்க சூப்பர் மரியோ பிரதர்ஸ் போதாது, அது சாதாரண போர்டு. கேஸில்வேனியா 3 போட்டுப் பாருங்கள். அதன் கேட்ரிட்ஜில் கூடுதலாக உள்ள எம்எம்சி5 என்ற சிப்புக்குத் தொடர்பு கொஞ்சம் குறைந்தாலும் படம் சிதறும். அது சுத்தமாக ஓடினால் மற்றவை பெரும்பாலும் ஓடும். ஐரோப்பா போன்ற இடங்களின் டிவி முறைக்கான 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) மாடல் கிடைத்தால் வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்காக எழுதிய கேம் அதில் மந்தமாக ஓடும், கற்ற டைமிங் எல்லாம் மாறிப்போகும்.

1993-இல் வந்த, மேலிருந்து செருகும் டாப் லோடர் மாடல் கேட்ரிட்ஜைப் பிடிப்பதில் மேல், லாக்அவுட் சிப்பும் கிடையாது. ஆனால் பெரும்பாலானவற்றில் டிவியின் ஆன்டெனா வழியாகப் போகும் ஆர்எஃப் வெளியீடு மட்டும்தான், படத்தில் மங்கலான செங்குத்துக் கோடுகள் வேறு. பறவைகளையும் குழிகளையும் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டிய கேமுக்கு அது உதவாது. 001-இன் பக்கவாட்டில் உள்ள மஞ்சள், சிவப்பு ஜாக்குகளே எனக்குப் போதும்.

அந்த ஜாக்கை எதில் மாட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. என்இஎஸ் தருவது 240p சிக்னல், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் 240 வரி கொண்ட முழுப் படம். பல எல்சிடி டிவிகள் அதை, ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகள் வரும் 480i என்று தவறாக எடுத்துக்கொண்டு, வரிகளைக் கோக்க சில ஃப்ரேம்களைப் பிடித்து வைக்கும். ஒரு ஃப்ரேம் சுமார் 16.6 மில்லி நொடி. பேட்டில்டோட்ஸின் மூன்றாம் கட்டமான டர்போ டனலில் மூன்று ஃப்ரேம் தாமதம் என்றால், சுவரைப் பார்த்துத் தாவும்போது ஏற்கெனவே மோதியிருப்பீர்கள். பழைய டியூப் டிவி இருந்தால் அதுவே முதல் தேர்வு. திரையைக் குறிபார்த்துச் சுடும் ஜாப்பர் துப்பாக்கிக்கு அது கட்டாயம். இல்லையென்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போல ஃப்ரேமைச் சேமிக்காமல் வரிகளை மட்டும் இரட்டிக்கும் கருவியை நடுவில் மாட்டி, டிவியைக் கேம் மோடில் வையுங்கள்.

கண்ட்ரோலரில் ஒரு பட்டன் மட்டும் மக்கர் செய்தால் அடியில் இருக்கும் ரப்பர் பேடையும் கரி வட்டத்தையும் ஆல்கஹாலால் மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கரி உரிந்துவிடும். எல்லாப் பட்டனும் ஒரே சமயத்தில் செத்தால் குற்றவாளி கேபிள், வழக்கமாகக் கண்ட்ரோலரை ஒட்டி வளையும் இடம்.

பவர் அடாப்டரில் கவனம் வேண்டும். 001-க்கு வருவது 9 வோல்ட் ஏசி. உள்ளேயே ரெக்டிஃபையர் இருப்பதால் பொருத்தமான டிசி அடாப்டரிலும் ஓடும். ஆனால் என்இஎஸ் அடாப்டரை என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமில் மாட்டினால் ஃபேமிகாம் கெட்டுப்போகும், ஏனென்றால் அதற்கு வேண்டியது டிசி.

ஸெல்டா 2 போன்ற பேட்டரி சேவ் கேட்ரிட்ஜ்களில் ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணைக்க வேண்டும், இல்லையேல் சேவ் அழியலாம். உள்ளே இருப்பது சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரி. மாற்றும்போது உலோக நாக்கு வைத்தே வரும் பேட்டரியை வாங்கிச் சால்டர் செய்யுங்கள், டேப் ஒட்டுவது நிற்காது. கேட்ரிட்ஜைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்ற சிறப்பு ஸ்க்ரூடிரைவர் முனை தேவை. திறக்கும்போது போர்டையும் பாருங்கள்: நின்டெண்டோ அச்சு இல்லாமல், புதிதாகப் பளபளக்கும் ஃப்ளாஷ் சிப்போடு இருந்தால் அது நகல். 3.3 வோல்ட் சிப்பை நேராக 5 வோல்ட்டில் ஓட்டும் நகல்களும் உண்டு. கன்சோலுக்கும் அது நல்லதல்ல.

ஜப்பானியப் பதிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். நிஞ்சா கைடன் 3-இன் அமெரிக்கப் பதிப்பில் கன்டின்யூ ஐந்துதான், ஜப்பானில் வரம்பே இல்லை, பாஸ்வேர்டும் உண்டு. ஜப்பானிய 60 பின் கேட்ரிட்ஜை 72 பின்னாக்கும் அடாப்டர் இருந்தால் 001-இல் ஓடும். கேஸில்வேனியா 3-இன் ஜப்பானியப் பதிப்பில் கூடுதல் இசைச் சானல்கள் உண்டு. அவையும் கேட்க வேண்டுமென்றால் அந்த ஒலியைக் கடத்தும் அடாப்டரோடு, கன்சோலின் அடியில் உள்ள எக்ஸ்பான்ஷன் போர்ட்டின் 3, 9 பின்களுக்கு இடையே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வைக்க வேண்டும்.