ட்ரிம் டாப்புக்குக் காசு வாங்கிவிட்டு ஃபின்னைப் பூட்டி அனுப்பினார்கள்: 1,460 டொலர் போச்சு

ஒன்ராறியோவில் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். என் படகுக்கு ட்ரிம் டாப் என்ற தகடுகள் பூட்டக் காசு வாங்கிய கடைக்காரர், அதற்குப் பதிலாக எஞ்சினில் ஃபின் என்ற பிளாஸ்டிக் சிறகைப் பூட்டி அனுப்பிவிட்டார். நேற்றுப் பின்னேரம் என் இலக்கத்தையும் ப்ளொக் செய்துவிட்டார். இரவு முழுக்க நித்திரை இல்லை. கடையின் பெயரைப் போடவில்லை, வழக்குக்குப் போகப்போகிறேன். ரொறன்ரோவுக்கு வடக்கே, வீட்டோடு சேர்ந்த பெரிய கராஜில் படகும் எஞ்சினும் திருத்தும் சின்னக் கடை. பழைய சாமான் விற்று வாங்கும் இணையத்தளம் ஒன்றில் விளம்பரம் போடுவார்கள். இவ்வளவும் போதும். என்ன பூட்ட வேண்டும், கடையில் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 17 அடி ஃபைபர் படகு. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பழுதாகி, போன வருடம் 115 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றை மாற்றினேன். அது பாரம் கூடியது. படகின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. த்ரொட்டிலைத் தள்ளி வேகம் எடுத்தால் அணியம் (படகின் முன்பக்கம்) மேலே எழும்பி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்ன வருகிறது என்றே தெரியாது. அதைவிடப் பெரிய கரைச்சல் சரிவு. ஸ்டியரிங் வலப்பக்கம், நான் இருப்பதும் வலப்பக்கம், பட்டரியும் வலப்பக்கம். எப்போதும் வலது பக்கம் சரிந்தபடியேதான் ஓடும். நான் போவது சிம்கோ ஏரிக்கு. அங்கே குக்ஸ் பே பக்கம் ஆழம் குறைவு, காற்று எழும்பினால் அலை குட்டை குட்டையாக, நெருக்கமாக வரும். சரிந்த படகு அந்த அலையில் அடிபடும் அடி இடுப்பு எலும்புக்குத் தெரியும்.

இதற்கு மருந்து ட்ரிம் டாப் என்று நான் ஏற்கனவே வாசித்து வைத்திருந்தேன். படகின் பின்பலகையின் கீழ் விளிம்பில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு உலோகத் தகடுகள். சுவிட்சை அழுத்தினால் மின்சாரத்திலோ ஹைட்ரோலிக்கிலோ கீழே இறங்கும். எந்தப் பக்கத் தகடு இறங்குகிறதோ அந்தப் பக்கத்தைத் தண்ணீர் மேலே தூக்கும். வலப்பக்கம் சரிகிறதா, வலது தகட்டை இறக்கு, நேராகிவிடும். இரண்டையும் ஒன்றாக இறக்கினால் அணியம் பதியும். ஹைட்ரோஃபொயில் ஃபின் அப்படி இல்லை. அது எஞ்சினின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில், ப்ரொபெல்லருக்கு மேலே இருக்கும் தட்டில் பூட்டும் பிளாஸ்டிக் சிறகு. நடுவில் இருந்துகொண்டு பின்பக்கத்தை மொத்தமாகத் தூக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்க அதால் முடியவே முடியாது. சரிவு அப்படியேதான் இருக்கும்.

இதெல்லாம் தெரிந்துதான் அந்தக் கடைக்குப் போனேன். ட்ரிம் டாப் வேண்டும் என்று வாயால் சொன்னேன். அப்படியிருந்தும் ஏமாந்தேன், ஏனென்றால் அந்தக் கடைக்காரத் தம்பி வேலை தெரிந்தவர். ட்ரெய்லரில் நின்ற படகுக்குப் பின்னால் போய் ஈர நிலத்தில் முழங்காலில் இருந்தார். எஞ்சின் தட்டில் ஒரு நேர்க்கோலை வைத்து படகின் அடியோடு ஒத்துப் பார்த்தார். "அண்ணை, எஞ்சின் ஒரு ஓட்டை கீழ நிக்குது. பூட்டினவன் பிழையாப் பூட்டியிருக்கிறான். இந்தத் தட்டு படகின்ர அடிக்குச் சரிமட்டமா, இல்லாட்டி கொஞ்சம் மேல நிக்கோணும்" என்றார். உண்மை. எஞ்சினைப் பின்பலகையில் பூட்ட மேலும் கீழுமாகச் சில ஓட்டைகள் இருக்கும், எதில் பூட்டுகிறோமோ அந்த உயரத்தில்தான் எஞ்சின் நிற்கும். எஞ்சின் மாற்றிக் கொடுத்த இடத்தில்கூட யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் அவரை முழுதாக நம்பினேன். பிறகு ஊர் எது என்று கேட்டார். மயிலிட்டி என்றேன். தன் அம்மாவின் ஊர் பக்கத்திலேயே இருக்கும் காங்கேசன்துறை என்றார். தேத்தண்ணி தந்தார்.

பேசியது இதுதான்: மின்சார ட்ரிம் டாப் சோடி ஒன்று, பூட்டுக்கூலி, எஞ்சினை ஒரு ஓட்டை மேலே உயர்த்துவது, எல்லாம் சேர்த்து 1,460 டொலர். "சாமான் ஓர்டர் பண்ண முழுக்காசும் வேணும் அண்ணை" என்றார். அங்கேயே நின்று ஈ-ட்ரான்ஸ்ஃபர் செய்தேன். 1,460 டொலர். அவர் தந்த பற்றுச்சீட்டுத் துண்டில் "படகு வேலை, சாமான், கூலி" என்று மட்டும் எழுதியிருந்தது. ட்ரிம் டாப் என்ற சொல்லே அதில் இல்லை. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

விக்டோரியா டே நீண்ட வார இறுதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை படகை எடுக்கப் போனேன். பின்பலகையில் ஒன்றுமில்லை. எஞ்சின் காலில் ஒரு கறுப்பு ஃபின். "டாப் பாக்கோடரில நிக்குது அண்ணை, இன்னும் வரேல்ல. லோங் வீக்கெண்டுக்கு நீங்க தண்ணியில இறங்கோணும் எண்டுதான் இதைப் போட்டுவிட்டன். இது அதைவிடத் திறம். பிள்ளையளோட ஓடிப் பாருங்கோ, பிறகு டாப்பே வேண்டாம் எண்டுவீங்கள்." டாப் வந்தவுடன் பூட்டித் தருவதாகவும் சொன்னார். சரி என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு ஏரியில் இறக்கினோம். நேர்மையாகச் சொல்கிறேன், புறப்படும்போது அணியம் முன்னைப்போல் எழும்பவில்லை, சீக்கிரம் பதிந்தது. ஆனால் சரிவு கொஞ்சமும் மாறவில்லை. உச்ச வேகமும் குறைந்தது: முன்பு ஜிபிஎஸ்ஸில் 58 கிலோமீற்றர் காட்டும், இப்போது 51. அப்புறம் 40 கிலோமீற்றர் வேகத்தில் இடப்பக்கம் திருப்பினேன். பின்பக்கம் தூக்கி, அணியம் தண்ணீருக்குள் குத்தி, நான் திருப்பியதைவிட இரண்டு மடங்கு சுழன்றது படகு. மனைவியின் தோள் கண்ணாடிச் சட்டத்தில் அடிபட்டது. சின்னவள் தரையில் விழுந்தாள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம், யாரும் தண்ணீருக்குள் போகவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து லைட் பிடித்துப் பார்த்தேன். எஞ்சின் அதே பழைய ஓட்டையில்தான் நிற்கிறது. ஆணியைச் சுற்றியிருந்த பழைய அழுக்கு வளையம்கூடக் கலையவில்லை. எஞ்சின் கீழே நிற்பதால் ஓடும் நேரம் முழுக்க ஃபின் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. எஞ்சின் சரியான உயரத்தில் நின்றிருந்தால் வேகம் எடுத்ததும் அது தண்ணீருக்கு மேலே வந்திருக்கும். வேகம் குறைந்ததும், திருப்பத்தில் அணியம் குத்தியதும் இதனால்தான். எஞ்சின் கீழே நிற்கிறது என்று எனக்குச் சொன்னதே அந்தத் தம்பிதான்! தெரிந்துகொண்டே பூட்டியிருக்கிறார். தட்டில் ஆறு துளைகள். ஃபின்னுக்கு நான்கு போதும். இரண்டைப் பிழையாகத் துளைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். ஓரத்தில் வெறும் அலுமினியம் தெரிகிறது, பெயின்ற்கூட அடிக்கவில்லை. எஞ்சின் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருக்கிறது. இந்தத் துளைகளைக் காட்டி அதை மறுத்தால் நான் எங்கே போவேன்? துளைக்காமல் கவ்விப் பிடிக்கும் ஃபின்களும் விற்கிறார்கள். அதையாவது போட்டிருக்கலாமே.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். செவ்வாய் எடுத்தேன்: "மரீனாவில நிக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்." எடுக்கவில்லை. வியாழன்: "டாப் அடுத்த கிழமை." அடுத்த கிழமை வாட்ஸ்அப்பில் துளைகளின் படம் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேரே போனேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ஆள் இருந்தார், வேறொரு பொடியன் வந்து "அண்ணை வெளியில" என்றான். கடைசியில் ஒருநாள் எடுத்தார். தொனியே மாறியிருந்தது. "நீங்க ஓடின விதம் பிழை. ஃபின் பூட்டி ஓடினாப் பிறகு ரிட்டேர்ன் இல்லை. நீங்க கேட்ட வேலையைத்தான் செய்தனான், துண்டைப் பாருங்கோ." துண்டைப் பாருங்கோ! காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன், 1,460 டொலரில் ஃபின்னின் விலையைக் கழித்துக்கொண்டாவது தாருங்கள் என்றேன். அதே ஃபின்னை இணையத்தில் பார்த்தேன், 130 டொலருக்குக் கிடக்கிறது. சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நேற்று ப்ளொக்.

விளம்பரம் வந்த தளத்துக்கு எழுதினேன். காசு தங்களுக்கூடாகப் போகவில்லை, தாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று இரண்டு வரி. வங்கியில் கேட்டேன். எதிராளி கணக்கில் போட்ட ஈ-ட்ரான்ஸ்ஃபரை மீட்க முடியாது என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஒரு முறைப்பாடாவது போட்டிருக்கலாம். 1,460 டொலர், இரண்டு மாதம் ஓவர்டைம் செய்த காசு.

ஃபின்னே கூடாத சாமான் என்று சொல்ல வரவில்லை. சின்னப் படகு, எஞ்சின் சரியான உயரம், சரிவு இல்லை, அணியம் மட்டும் எழும்புகிறது என்றால் அது உதவும், விலையும் குறைவு. சரிவு இருக்கிறவர்களுக்கு அது மருந்தே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனமில்லை. அவசரமாகச் சிலது மட்டும். காசு செலவழிக்க முன் பட்டரியையும் ஐஸ் பெட்டியையும் முன்னுக்கு மாற்றிப் பாருங்கள், புறப்படும்போது எஞ்சினை முழுக்க உள்ளே ட்ரிம் செய்யுங்கள், அதாவது அதன் காலைப் படகுப் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். மயிலிட்டியில் மாமா ஒவ்வொரு நாளும் "பாரத்தை அணியத்துக்குத் தள்ளடா" என்று கத்துவார், இதற்குத்தான். எஞ்சின் உயரத்தை நீங்களே அளவுகோல் வைத்துப் பாருங்கள். ட்ரிம் டாப் வாங்கினால், படகின் ஒரு அடி நீளத்துக்கு ஓர் அங்குல அகலம், ஒவ்வொரு பக்கமும், என்பது பொதுவான கணக்கு. துண்டில் சாமானின் பெயரும் மொடல் இலக்கமும் இல்லாமல் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். முழுக்காசை முன்கூட்டியே கட்டாதீர்கள். உங்களைக் கேட்காமல் எஞ்சினில் துளை போடக்கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

திங்கள் ஸ்மோல் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்கு) நீதிமன்றப் படிவம் எடுக்கப் போகிறேன். அந்தக் கராஜில் இதேபோல் யாராவது மாட்டியிருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், துண்டின் படத்தையும் அனுப்புங்கள்.