உலர்ந்த பாஸ்தாவை அளக்க: கப்பா, தராசா?

அமெரிக்கச் சமையல் குறிப்பில் "2 கப் பாஸ்தா" என்று இருக்கும். இத்தாலியக் குறிப்பில் நாலு பேருக்கு 320 கிராம் என்று இருக்கும். இரண்டையும் பார்த்துச் சமைக்கிற வீட்டில் ஏதாவது ஒரு முறைக்கு மாறியாக வேண்டும். நான் தராசுக்கு மாறிவிட்டேன்.

கப் மலிவு, பேட்டரி வேண்டாம், கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. அதெல்லாம் சரி. ஆனால் பாஸ்தாவின் வடிவம் மாறினால் கப் கணக்கு நிற்பதில்லை.

அரிசியை டம்ளரில் அளந்தே சமைக்கிறோம், பிசகுவதில்லை. மணிகள் நெருக்கமாக அமர்ந்துகொள்ளும். பாஸ்தா அப்படி அமராது. குழாய்க்குள்ளும் சுருளுக்கு இடையிலும் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான் கப் அளக்கிறது. சிறிய வளைவு மக்ரோனி ஒரு கப் சுமார் 110 கிராம். குழாய் வடிவப் பென்னே 90 கிராம் பக்கம். சுருள் சுருளான ஃபுசில்லி 75, 80-க்குள் நின்றுவிடும். அரிசி போலிருக்கும் ஓர்சோ 170-ஐத் தாண்டும். அதாவது, 2 கப் மக்ரோனி கேட்கும் குறிப்புக்கு 2 கப் ஃபுசில்லி போட்டால் 220 கிராமுக்குப் பதில் 150, 160 கிராம்தான் விழும். சீஸ் சாஸ் அதே அளவில் இருக்க, தட்டில் சாஸ்தான் மிஞ்சும். இதோடு ஒப்பிட்டால், அமெரிக்க கப் 237 மில்லி, ஆஸ்திரேலிய கப் 250 மில்லி என்ற வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை.

மாற்று அட்டவணைகள் அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒரு கம்பெனியின் பென்னே குட்டையாகவும் இன்னொன்றின் பென்னே நீளமாகவும் இருக்கும்போது எண்ணும் மாறும். கப்பை விட மனமில்லாதவர்கள், வழக்கமாக வாங்கும் பாஸ்தாவில் தலை தட்டிய ஒரு கப்பை ஒரே ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, அந்த எண்ணை டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். எந்த அட்டவணையையும் விட அது நம்பகமானது.

நீளக் குச்சி போன்ற ஸ்பகெட்டிக்கு கப் ஆகவே ஆகாது. ஒரு கட்டு ஸ்பகெட்டியை நுழைத்து அளக்க ஓட்டை போட்ட அளவுப் பலகை ஒன்று விற்கிறார்கள்; நான் அதை அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். 500 கிராம் பாக்கெட்டைக் கண்ணளவில் ஐந்தாகப் பிரித்தாலே ஒரு பங்கு கிட்டத்தட்ட 100 கிராம் வந்துவிடும்.

தராசில் இன்னொரு வசதி, கிண்ணத்தை வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு நேராகக் கொட்டலாம். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்ற இத்தாலியக் கணக்கும் அப்போது எளிதாகக் கைக்கு வரும். பராமரிப்பு என்று பார்த்தால் பேட்டரி ஒன்றுதான். ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்தால் போதும். ஓரிரு கிராம் முன்னே பின்னே காட்டும் மலிவான தராசுகூட பாஸ்தாவுக்குத் தாராளம்.

குறிப்பில் "வெந்த பாஸ்தா" என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் தளர்வாக எடுத்துக்கொள்ளுங்கள். என் கையில் 100 கிராம் வெந்து 200 முதல் 230 வரை வருகிறது. எவ்வளவு நேரம் வேக விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும்.