கையில் கம்பியைக் கொடுத்துத் தைராய்டு பார்க்கிறார்கள், போகாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் மடித்து வந்தது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முழு உடல் பரிசோதனை முகாமாம். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது, ஒரே நிமிடத்தில் தைராய்டு முதல் இதயம் வரை தெரிந்துவிடுமாம். கம்பெனிப் பெயர் எனக்குப் புதுசு. ஆனால் கீழே போட்டிருந்த மிஷின் படம் பழசு. போன மாசியில் காரைக்குடியில் அதே மிஷினின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பணம் போனதைக்கூட விடுங்கள், ஆறு மாதம் என் உடம்பு சீரழிந்தது. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. பலகாரம் போடுவது தொழில். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ சாந்தியோ படைப்போ, ஆச்சிமார் சொல்லிவிட்டால் போய்விடுவேன். தேன்குழல், அதிரசம், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் போட்டாலும் என் பெயர் சொல்வது கை முறுக்குதான். அந்தக் கை முறுக்கில்தான் முதலில் தட்டியது.

முந்தின தீபாவளி ஆர்டர். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திருகிக்கொண்டே சுற்ற வேண்டும். இழை எங்கும் ஒரே தடிமனாக வர வேண்டும், திருகல் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. பதினைந்து வருடமாகப் பேசிக்கொண்டே சுற்றிய கை, அன்றைக்கு மூன்றாவது சுற்றில் இழையை அறுத்தது. திரும்பச் சுற்றினேன், திரும்ப அறுந்தது. விரல் நுனியில் மாவு இருப்பதே தெரியவில்லை, மரத்திருந்தது. ராத்திரியும் மரத்துப்போய் விழிப்பு வரும். கையை உதறிக்கொண்டே கிடப்பேன்.

அதோடு அந்தச் சோர்வு. வேலை செய்து வருகிற அசதி எனக்குத் தெரியாததா? இது வேறு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரி இருக்கும். அரிசி களைந்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நிற்பேன். முடி கொத்துக்கொத்தாக வந்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்தும் ஒன்பது கிலோ ஏறியது. மாதவிலக்கு பத்து நாள் நீடித்தது. குரல் கரகரத்தது. வீட்டில் பெரியவர்கள் “நாப்பது தாண்டினா பொம்பளைக்கு அப்படித்தான்” என்றார்கள். நானும் நம்பினேன்.

முதலில் போனது பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு. டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து “ரத்தம் கம்மி” என்றார். குளுக்கோஸ் பாட்டிலில் மஞ்சளாகச் சத்து ஊசி கலந்து ஏற்றினார்கள். ஒரு பாட்டில் 500 ரூபாய், நான்கு தடவை. ஏற்றிய அன்று கொஞ்சம் தெம்பாக இருக்கும், மறுநாள் பழைய கதை. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்பி இருக்கிற கழுத்தை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை, அதற்கு ஒரு டெஸ்ட் சீட்டு எழுதவில்லை. சோர்வு என்று போனால் பாட்டில் ஏற்றி அனுப்புகிற வழக்கம் நம் ஊரில் என்றைக்குப் போகுமோ.

அப்போதுதான் தெரிந்த அக்கா ஒருவர் முகாமுக்குக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் நம்பித்தான் காசு கட்டியிருந்தார்.

மண்டபத்தில் வரிசையாக மேசை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு தம்பி பெயர், வயது, உயரம், எடை கேட்டு லேப்டாப்பில் தட்டினார். பிறகு பித்தளை நிறத்தில் ஒரு கம்பியைக் கொடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கம்பியிலிருந்து ஒரு வயர், நடுவில் சின்னப் பெட்டி, அங்கிருந்து லேப்டாப். திரையில் ஒரு உடம்புப் படம், எண்கள் ஓடின. பாதியில் மரத்த கையிலிருந்து கம்பி நழுவி மேசையில் விழுந்துவிட்டது. பதறிப்போய் எடுத்தேன். “பரவாயில்லம்மா, பிடிங்க” என்றார். கம்பி கீழே கிடந்தபோதும் எண்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. அதை என் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

38 பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்தது, கலர் கலராக. தைராய்டுக்கு நேரே “லேசான குறைபாடு”. உள் அறையில் இருந்த ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷ் மாத்திரை ஆரம்பிச்சீங்கன்னா சாகுற வரைக்கும் விட முடியாதும்மா. இது வேரோட எடுத்துரும்” என்று மூன்று மாதத்துக்குப் பொடியும் முடி கொட்டுவதற்கு மாத்திரையும் எடுத்து வைத்தார். 11,400 ரூபாய். ஒரு கல்யாண ஆர்டருக்கு வாங்கியிருந்த முன்பணத்தை எடுத்துக் கொடுத்தேன். முட்டைக்கோஸை நிறுத்து, சாதா உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறு என்றார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ஏற்கெனவே டாக்டர் கொடுத்த தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். அவரிடம் அதை நிறுத்தச் சொன்னார்கள். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். ரொம்ப நாள் மருந்தில்லாமல் விட்டால் உடம்பு சில்லிட்டு, நாடி தளர்ந்து, சுயநினைவு தப்பிப் போகிற அளவுக்குப் போகும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அந்த அம்மா யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. இதைப் படித்தால் தயவுசெய்து டாக்டரிடம் போங்கள்.

பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போனேன். வருடா வருடம் ஏறுகிற மலை. பாதிப் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல், சன்னதியைப் பார்க்காமலே இறங்கினேன். முகாம்காரர்களுக்குப் போன் போட்டால், “நச்செல்லாம் வெளியேறுது, அதான் அசதி, நிறுத்திராதீங்க” என்றார்கள். வைகாசி வெயிலில் வீட்டில் எல்லோரும் குளுமைக்கு ஆத்தங்குடிக் கல் தரையில் பாயில்லாமல் படுப்பார்கள். எனக்கு அந்தத் தரையில் பாதம் வைத்தாலே வெடவெடக்கும். காரைக்குடி வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தேன் என்றால் நம்புவீர்களா?

குட்டு உடைந்தது என் மகளால். கல்லூரி விடுமுறைக்கு வந்தவள் 38 பக்கத்தையும் உட்கார்ந்து படித்தாள். “அம்மா, பித்தப்பை நல்லாச் சுருங்கி விரியுதுன்னு போட்டிருக்காங்க” என்றாள். ஆறு வருடத்துக்கு முன்னால் கல் இருந்ததால் மதுரையில் ஆபரேஷன் செய்து என் பித்தப்பையை எடுத்தாயிற்று. வயிற்றில் தழும்பு இருக்கிறது. இல்லாத உறுப்புக்கு நல்ல மார்க் போட்டிருக்கிறது அந்த மிஷின். நாம் சொல்கிற வயதையும் எடையையும் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு ரிப்போர்ட்டைத் துப்புகிறது, அவ்வளவுதான். தைராய்டு சுரப்பது ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் எடுக்காமல் உள்ளங்கை வழியாக அதை அளக்கிற மிஷின் உலகத்தில் எங்கும் கிடையாது.

அவள் பிடிவாதத்தில் ஒரு லேபில் பேக்கேஜ் டெஸ்ட் எடுத்தோம். தைராய்டு சுரக்கிற டி3, டி4, அதை வேலை வாங்குகிற டிஎஸ்எச் மூன்றும் நார்மல். “தைராய்டெல்லாம் ஒண்ணுமில்ல” என்று லேபிலேயே சொல்லி அனுப்பினார்கள். அதை நம்பி இன்னும் மூன்று மாதம் போனது. இது எப்படி நடந்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆவணியில் சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஓபி சீட்டு வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால் ஒரு இளம் டாக்டர் அம்மா. நான் பேச ஆரம்பித்ததுமே குரலைக் கவனித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்து, தண்ணீர் விழுங்கச் சொன்னார். நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, தொங்கிய பாதத்தின் பின்னால், குதிகாலுக்குச் சற்று மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது, ஆனால் திரும்ப இறங்கும்போது மெதுவாக, மனசில்லாமல் இறங்குகிற மாதிரி இறங்கியது. பக்கத்தில் நின்ற மாணவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். பிறகு, “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எல்லாத்தையும் எடுத்து வைங்கம்மா” என்றார். பையைக் கவிழ்த்தேன். முடிக்குக் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் நிமிர்ந்தார். “டெஸ்ட் எடுத்தப்ப இதைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா?”

அதில் பயோட்டின் என்கிற வைட்டமின் 10 மில்லிகிராம். அது ரத்தத்தில் நிறைய இருந்தால், சில லேப் மிஷின்கள் தைராய்டு அளக்கிற முறையையே குழப்பிவிடுமாம். டிஎஸ்எச் இருப்பதைவிடக் குறைவாகவும், டி4 இருப்பதைவிடக் கூடுதலாகவும் காட்டும். குறை தைராய்டு இருக்கிறவருக்கு எல்லாம் நார்மல் என்று வந்துவிடும். டெஸ்டுக்கு இரண்டு நாளாவது முன்னால் அதை நிறுத்தியிருக்க வேண்டும். லேபில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், யாரும் கேட்கவில்லை. முடி கொட்டுவதே தைராய்டால்தான். அந்த முடிக்கென்று வாங்கிய மாத்திரை தைராய்டையே மறைத்துவிட்டது.

மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 68. நார்மல் என்பது லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், பெரும்பாலும் 0.4 முதல் 4.5 வரை. ஃப்ரீ டி4 0.4, அது 0.8க்கு மேல் இருக்க வேண்டும். தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்குகிற ஆன்டி டிபிஓ பல மடங்கு அதிகம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற ஹாஷிமோட்டோ நோய். 1912இல் அதை முதலில் விவரித்த ஜப்பான் டாக்டரின் பெயர். கொலஸ்ட்ராலும் ஏறியிருந்தது, விரல் மரத்ததும் இதனால்தான் என்றார்.

டிஎஸ்எச் ஏறினால் தைராய்டு குறைவு என்று எப்படி அர்த்தம் என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, “வேலை செய்” என்று தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு அது. அடுப்படியில் கையாள் மந்தமானால் நாம் குரலை உயர்த்துவோம் இல்லையா? அதே மாதிரி, தைராய்டு மந்தமாக மந்தமாக டிஎஸ்எச் ஏறும்.

பொடி டப்பாவில் பொடி எழுத்தில் கடல்பாசி என்று இருந்தது. அதில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம், இந்த நோய்க்காரர்களுக்கு அது கெடுதலே செய்யும் என்றார் டாக்டர். இந்தப் பொடியைக் கொடுத்த அதே முகாம்காரர்கள்தான் அயோடின் உப்பை நிறுத்தச் சொன்னார்கள். சமையலுக்குச் சாதாரண அயோடின் உப்பு போதும், முட்டைக்கோஸை வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது தைராக்ஸின் மாத்திரை. 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 100க்கு வந்திருக்கிறேன். ஒரு புட்டி இருநூறு ரூபாய் சொச்சம், மூன்று மாதத்துக்கு மேல் வருகிறது. காலை நாலரைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காபியைத் தொடுவதில்லை. காபியோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதால் இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினேன். புட்டியை அடுப்பு மேடை அலமாரியில் வைத்திருந்தேன், சூடும் ஈரமும் ஆகாது என்று உள் அறைக்கு மாற்றச் சொன்னார்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் அடுத்த டெஸ்ட், அதற்கு முன் எடுத்தால் சரியான அளவு தெரியாது. எனக்கு டிஎஸ்எச் 68இலிருந்து 11 ஆகி, தை மாதம் 2.8க்கு வந்தது. பத்தாவது நாளே தெம்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது. எடை நான்கு கிலோதான் இறங்கியிருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியிருக்கலாம். அதனால் என்ன? சுரப்பி தர வேண்டியதை மாத்திரை தருகிறது.

எல்லாச் சோர்வும் தைராய்டு இல்லை. ரத்தசோகை, சர்க்கரை, பி12 எல்லாம் பார்க்க வேண்டும், எனக்கும் பார்த்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் சோர்வு விடாமல் இருந்து, குளிரும் மலச்சிக்கலும் முடி உதிர்வும் சேர்ந்திருந்தால், “டிஎஸ்எச் எழுதித் தாங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம், அது வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். என் கூடப்பிறந்த அக்காவையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். அவளுக்கு டிஎஸ்எச் 9 இருந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது பில் இருக்கிறதா என்றார்கள். வெறும் வெள்ளைத் தாளில் தொகையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1915க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போன வருடம் அந்த மண்டபத்தில் பணம் கட்டியவர்கள் டப்பாவையும், ரிப்போர்ட்டையும், எழுதிக் கொடுத்த துண்டுத் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் மூன்றாவது டப்பா உடைக்காமல் அப்படியே இருக்கிறது. தேவகோட்டை நோட்டீஸையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.